பரதன் வைத்த பாதுகை

(திருச்சி கே.கே. நகரில் நடந்து, தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பட்டிமன்றம். தலைப்பு: "சிறு சேமிப்பாளரின் கம்பெனி ஓட்டு: ஃபண்டே போடட்டுமா? நம்மைக் கேட்டுப் போடட்டுமா?" 'நம்மைக் கேட்டே போடட்டும்' என்ற அணியில் பேசியது.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணியின் தோழர்களே! எதிரணியில் அமர்ந்து, 'நமக்கெதற்கு வம்பு' என்று இவ்வளவு நேரம் மிக நிம்மதியாக வாதாடிய நண்பர்களே! உழவர் சந்தையில் கத்திரிக்காயை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து வாங்கிவிட்டு, பணத்தை மட்டும் புரட்டிப் பார்க்காமல் போட்டுவிட்டு வந்திருக்கிற கே.கே. நகர் பெரியோர்களே, தாய்மார்களே! (சிரிப்பு)

நான் முப்பது வருஷமாகத் தமிழ் வாத்தியார். என்னைப் போய் இந்தத் தலைப்பில் பேசக் கூப்பிட்டார்கள். 'ஐயா, பங்கு, ஃபண்டு எல்லாம் எனக்கு என்ன தெரியும்?' என்றேன். 'பிராக்ஸி பற்றிய பட்டிமன்றம் ஐயா' என்றார்கள். உடனே ஒத்துக்கொண்டேன். பிராக்ஸியைப் பற்றி ஒரு கல்லூரி ஆசிரியனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? (பலத்த சிரிப்பு)

வகுப்பிலே உட்கார்ந்திருப்பவன் இருபது பேர். வருகைப் பதிவேட்டில் ஐம்பது பேர் 'உள்ளேன் ஐயா' சொல்லியிருப்பான். ஒரே பையன் நாலு குரலில் சொல்லுவான்! கம்பெனிச் சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது. 2013-ஆம் வருஷத்துச் சட்டம், பிரிவு 105. ஒரு பங்குதாரர் கூட்டத்துக்குப் போக முடியவில்லை என்றால் தனக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பலாம். அந்த ஆளுக்குத்தான் பிராக்ஸி என்று பெயர். ஒரே ஆள் ஐம்பது பேர் வரைக்கும் பிராக்ஸியாக இருக்கலாம். கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்னாடியே படிவம் போய்ச் சேர வேண்டும். இன்னொரு விதியும் இருக்கிறது. பிராக்ஸியாக வந்தவன் ஓட்டுப் போடலாம், ஆனால் கூட்டத்தில் வாயைத் திறந்து பேசக் கூடாது. அதைப் படித்தபோது எனக்கு ஒரு ஆறுதல். கல்யாண வீட்டுக்கு என் மனைவி என்னை எந்தத் தகுதியில் அழைத்துப் போகிறார் என்பது அன்றைக்குத்தான் சட்டப்படி விளங்கியது! (சிரிப்பு, கைதட்டல்)

சரி, சிரித்தது போதும். விஷயத்துக்கு வருவோம்.

இண்டெக்ஸ் ஃபண்டு என்றால் என்ன? எங்கள் ஸ்ரீரங்கத்தில் கதம்பம் கட்டுவார்கள். மல்லி, கனகாம்பரம், மரு, மரிக்கொழுந்து எல்லாம் சேர்த்துக் கட்டி முழம் போட்டு விற்பார்கள். 'எனக்குக் கனகாம்பரம் வேண்டாம், அதை உருவிட்டுக் கொடும்மா' என்று கேட்க முடியுமா? முடியாது. அதுதான் இண்டெக்ஸ் ஃபண்டு. நிஃப்டி என்ற பட்டியலில் ஐம்பது கம்பெனி. நீங்கள் போடுகிற ஐந்நூறு ரூபாய் ஐம்பதிலும் கொஞ்சம் கொஞ்சம் போகும். அமெரிக்காவிலே 1976-இல் ஜான் போகிள் என்பவர் சாமானிய ஜனங்களுக்காக இதைக் கொண்டுவந்தார். செலவு குறைவு, ஆளைப் பார்த்து ஏமாற வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு. நான் குறை சொல்லவில்லை.

'எங்களுக்கு அந்தக் கதையே வேண்டாம் சார், நாங்கள் ஃபண்டுப் பக்கமே போவதில்லை' என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் சொல்கிறார். ஐயா, உங்கள் பையன் எங்கே வேலை பார்க்கிறான்? துவாக்குடியில் ஃபேப்ரிகேஷன் பட்டறையா? பி.எஃப். பிடிக்கிறார்களா? அப்படியானால் அவனும் இதில் இருக்கிறான். 2015 ஆகஸ்டிலிருந்து தொழிலாளர் வைப்புநிதி நிறுவனம், புதிதாக வருகிற பணத்தில் ஒரு பகுதியை இந்த மாதிரிப் பட்டியல் ஃபண்டில்தான் போடுகிறது. முதலில் நூற்றுக்கு 5 என்று ஆரம்பித்தார்கள். பிறகு 15 வரை போனார்கள். வெல்டிங் அடிக்கிற தம்பி தனக்கே தெரியாமல் ஐம்பது கம்பெனிக்குச் சின்ன முதலாளி! (கைதட்டல்)

முதலாளி என்றால் ஓட்டு உண்டு. அந்த ஓட்டு எங்கே போகிறது என்பதுதான் இன்றைக்குக் கேள்வி.

முன்பெல்லாம் பங்கு வாங்கினால், வருஷத்துக்கு ஒரு தடவை பழுப்பு உறை ஒன்று வீட்டுக்கு வரும். உள்ளே வழவழ தாளில் ஆண்டறிக்கை. எங்கள் வீட்டில் அதைச் சமையலறை அலமாரிக்கு விரித்துவிடுவார்கள். பருப்பு டப்பாவை எடுக்கிறபோதெல்லாம் சேர்மன் சிரிப்பார்! (சிரிப்பு) கடைசிப் பக்கத்தில் பிராக்ஸி படிவம் இருக்கும். ஆனால் ஃபண்டு வழியாக வாங்கினால் அந்த உறைகூட உங்களுக்கு வராது. கம்பெனிப் பதிவேட்டில் இருப்பது ஃபண்டின் பெயர், உங்கள் பெயர் அல்ல. பணம் உங்களுடையது, லாப நஷ்டம் உங்களுடையது, ஓட்டு மட்டும் அவர்களுடையது!

எதிரணித் தலைவர் மிக அழகாக ஒரு வாதம் வைத்தார். 'ஃபண்டுக்காரர்கள் ஓட்டை நன்றாகத்தானே போடுகிறார்கள்? நெஸ்லே கதையைப் பாருங்கள்' என்றார். பார்ப்போம். 2024 மே மாதம். நெஸ்லே இந்தியா கம்பெனி ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. சுவிட்சர்லாந்தில் இருக்கிற தாய்க் கம்பெனிக்கு விற்பனையில் நாலரை சதவீதம் ராயல்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை வருஷத்துக்கு 0.15 வீதம் ஏற்றி, ஐந்து வருஷத்தில் 5.25 ஆக்கலாமா என்று கேட்டார்கள். தாய்க் கம்பெனியின் கையில் நூற்றுக்கு 62 பங்குக்கும் மேலே இருக்கிறது. ஆனால் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் விஷயத்தில் அது ஓட்டுப் போடக் கூடாது என்பது விதி. மற்றவர்கள் போட்டார்கள். பதிவான ஓட்டில் 57 சதவீதம் 'வேண்டாம்'. தீர்மானம் தோற்றது, ராயல்டி நாலரையிலேயே நின்றது. எங்கள் வீட்டில் ஃபில்டர் டிகாக்‌ஷன்தான், ஆகவே எனக்கு இதில் சொந்த விரோதம் எதுவும் இல்லை. (சிரிப்பு)

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். 2017-இல் ரேமண்ட் கம்பெனி. மும்பையில் அந்தக் கம்பெனிக்குச் சொந்தமான கட்டிடத்தில் இருக்கிற வீடுகளை, முதலாளிக் குடும்பத்தாருக்குச் சந்தை விலையைவிட மிகக் குறைந்த விலைக்குக் கொடுக்கலாமா என்று தீர்மானம் வந்தது. போட்ட ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேலே எதிர்ப்பு. தீர்மானம் படுத்துவிட்டது.

எதிரணித் தலைவரே, கைதட்டுகிறேன் உங்களுக்கு. ஆனால் ஒரு கேள்வி. இந்தத் தைரியம் ஃபண்டுகளுக்கு எப்போது வந்தது? பிறக்கும்போதே வந்ததா? 2010 மார்ச்சில்தான் செபி, 'நீங்கள் எப்படி ஓட்டுப் போடுகிறீர்கள் என்று வெளியே சொல்லுங்கள்' என்றது. அதற்கு முன்னால் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. சொல்லச் சொன்ன பிறகும் முதல் சில வருஷங்களில், 'நாங்கள் ஓட்டுப் போடவில்லை' என்று ஒதுங்கிக்கொண்டவை ஏராளம். 2021 ஏப்ரலிலிருந்து முக்கியமான தீர்மானங்களிலும், 2022 ஏப்ரலிலிருந்து எல்லாத் தீர்மானங்களிலும் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும் என்று செபி கட்டாயப்படுத்தியது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, 'சேமிப்பாளர் நன்மையைத் தவிர வேறு எதையும் பார்த்து நாங்கள் ஓட்டுப் போடவில்லை' என்று ஃபண்டு மேலாளர்கள் அறங்காவலர்களிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது.

அதாவது, கேட்கக் கேட்கத்தான் ஒழுங்கு வந்தது. கேட்டதனால் வந்த நன்மையைக் காட்டி, 'இனிமேல் கேட்காதே' என்று வாதாடுகிறீர்களே, இது என்ன நியாயம்? (பலத்த கைதட்டல்)

இன்னொன்று. பிடிக்காத கம்பெனிப் பங்கை மற்ற ஃபண்டுக்காரர் விற்றுவிட்டு வெளியேறலாம். இண்டெக்ஸ் ஃபண்டு அப்படி வெளியேற முடியாது. பட்டியலில் அந்தக் கம்பெனி இருக்கிறவரை இவர் வைத்திருந்தே ஆக வேண்டும். விவாகரத்தே இல்லாத கல்யாணம்! அப்படிப்பட்ட வீட்டில் வாயாவது திறக்க வேண்டாமா? (சிரிப்பு) வெளியே போகும் கதவு பூட்டியிருக்கிறது. இருக்கிற ஒரே ஜன்னல் ஓட்டு. அந்த ஜன்னலின் சாவியைத்தான், 'உனக்கெதற்கு, நான் வைத்துக்கொள்கிறேன்' என்கிறார்கள்.

வைத்துக்கொள்பவர் யார்? நம் ஊரில் பெரிய ஃபண்டு நிறுவனங்களில் பலவற்றை வங்கிகள் நடத்துகின்றன. அந்த வங்கிகளே நிஃப்டி ஐம்பதில் இருக்கின்றன. மற்ற கம்பெனிகள் அந்த வங்கிகளின் வாடிக்கையாளர்கள். நான் யார்மீதும் குற்றம் சொல்லவில்லை. நல்லவர்கள்தான். ஆனால் பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் வேண்டியவர் ஒருவரே என்றால், சீர் பேசும்போது ஒரு தரம் நம்மையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வது தப்பா?

உத்திரமேரூர்க் கல்வெட்டை நான் வகுப்பிலே நடத்துவதுண்டு. பராந்தக சோழன் காலம், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தியது. குடவோலையில் பேர் எழுதிப் போட யாருக்குத் தகுதி இல்லை என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்கக் கூடாது. அவன் மட்டுமல்ல, அவன் உறவுக்காரனும் நிற்கக் கூடாது! ஊர்ப் பொதுவை ஒருவன் கையில் கொடுப்பதற்கு முன்னால் நம் முன்னோர் அவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

அடுத்து, எதிரணிச் சகோதரி பேசினார். அருமையான பேச்சு. 'ஐம்பது கம்பெனி, ஆளுக்குப் பத்துத் தீர்மானம், வருஷத்துக்கு ஐந்நூறு கேள்வி. வத்தக்குழம்பு வைக்கிற நேரத்தில் வரிசையாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?' என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நியாயமான கேள்வி.

அதற்குப் பதிலாகத்தான் அவர்களே கொண்டுவந்த பரதனை நான் எடுத்துக்கொள்கிறேன். 'உலகத்திலேயே சிறந்த பிராக்ஸி பரதன். பதினான்கு வருஷம் இராமனுக்காக நாட்டைப் பார்த்துக்கொண்டான். ஒவ்வொரு காரியத்துக்கும் காட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டானா?' என்றார் சகோதரி. கம்பன் தன் காவியத்தை அரங்கேற்றியதாக வழிவழியாகச் சொல்லப்படுகிற மண்டபம் காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. அந்தக் காற்று அடிக்கிற ஊரில் நின்று கேட்கிறார். பதில் சொல்லாமல் போகலாமா?

அம்மா, பரதன் ஒவ்வொரு காரியத்துக்கும் கேட்கவில்லை. உண்மை. ஆனால் ஆரம்பத்தில் ஒரு தடவை கேட்டான்! சேனையோடும் தாய்மாரோடும் காட்டுக்கே போனான். 'நாடு உன்னுடையது, என்ன செய்யட்டும், நீ சொல்' என்று காலில் விழுந்து கேட்டான். 'நீ ஆள்' என்று இராமன் சொன்ன பிறகுதான், பாதுகையை வாங்கிக்கொண்டு திரும்பினான். சிம்மாசனத்தில் தான் உட்காராமல் பாதுகையை வைத்தான். ஏன்? 'இது என் இடம் இல்லை' என்று தினம் தினம் தனக்கே நினைவூட்டிக்கொள்ள! கெடு முடிகிற நாளில் அண்ணன் வரத் தாமதம் என்றதும் தீ மூட்டச் சொன்னான். அவன் பிராக்ஸி!

நாங்கள் கேட்பதும் அவ்வளவுதான். ஐந்நூறு கேள்வி வேண்டாம். ஒரே கேள்வி. ஒரு தடவை கேளுங்கள். அமெரிக்காவில் அந்த ஜான் போகிள் ஆரம்பித்த வேன்கார்ட் நிறுவனமே 2023-இல் சில ஃபண்டுகளில் இதைச் சோதித்துப் பார்த்தது. சேமிப்பாளரிடம் நாலு வழியைக் காட்டினார்கள். ஒன்று, கம்பெனி இயக்குநர் குழு சொல்கிறபடி என் ஓட்டைப் போடு. இரண்டு, ஃபண்டாகிய நீயே யோசித்துப் போடு. மூன்று, சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாக ஒழுக்கம் இவற்றைப் பார்த்துப் போடு. நாலு, என் பங்குக்கு ஓட்டே போடாதே. இதில் ஒன்றைத் தொட்டால் போதும். 2024-இல் பிளாக்ராக் நிறுவனம் தன்னுடைய ஒரு பெரிய பட்டியல் ஃபண்டில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குக்காரர்களுக்கு இந்த மாதிரி வாய்ப்பைத் திறந்துவிட்டது. பதில் சொல்லாதவர்களின் ஓட்டைப் பழையபடி ஃபண்டே போடும். யாருக்கும் கட்டாயம் இல்லை. சகோதரி, குழம்பு தீயாது! (சிரிப்பு, கைதட்டல்)

நம் ஊரில் நேரடியாகப் பங்கு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே கைப்பேசியில் ஓட்டுப் போடுகிறார்கள். வசதி இருக்கிறது. ஃபண்டு வைத்திருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

வழக்கறிஞர் நண்பர் ஒருவர் கடைசியில் ஒரு அம்பு விட்டார். எதிரணியின் அம்புகளில் கூர்மையானது அதுதான். 'ஃபண்டு கையில் ஓட்டு மொத்தமாக இருப்பதால்தான் முதலாளிக் குடும்பம் பயப்படுகிறது. ஆளுக்கொரு பக்கம் பிரித்துக் கொடுத்தால், கட்டு பிரிந்த விறகு மாதிரி ஒடித்துப் போடுவார்கள்' என்றார். ஐயா, இது பாதி உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் விறகுக் கட்டை அவிழ்க்கச் சொல்லவில்லை நாங்கள். விறகு யாருடையது என்று கேட்கச் சொல்கிறோம். 'நீயே போடு' என்று பத்தில் எட்டுப் பேர் சொல்லட்டுமே! அப்போது அந்த ஃபண்டு கம்பெனி முதலாளி முன்னால் போய், 'நான் சொல்லவில்லை, என் பின்னால் இருக்கிற லட்சம் பேர் கேட்டுச் சொல்லியிருக்கிறார்கள்' என்று நிமிர்ந்து நிற்கலாம். சும்மா வாங்கிய ஓட்டைவிடக் கேட்டு வாங்கிய ஓட்டுக்கு எடை கூட!

நடுவர் அவர்களே, கடைசியாக ஒன்று. இதை மேடையில் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் என் பெரியக்கா இருக்கிறார். பள்ளிக்கூட ஆசிரியை. ஊரெல்லாம் பங்கு வாங்கிய தொண்ணூறுகளின் நடுவில், தன் சேமிப்பைப் போட்டு ஒரு கம்பெனியில் இருநூறு பங்கு வாங்கினார். கம்பெனி பேர் வேண்டாம். ஒரு வருஷம் பழுப்பு உறை வந்தது. ஆலைக்குச் சொந்தமான நிலத்தை, அந்தக் குடும்பத்தின் இன்னொரு நிறுவனத்துக்கே விற்கிறதாகத் தீர்மானம். அக்காவுக்குப் புரியவில்லை, ஆனால் ஏதோ உறுத்தியிருக்கிறது. பிராக்ஸி படிவத்தில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, கையெழுத்துப் போட்டு, பதிலாள் என்ற இடத்தில் என் பேரை எழுதினார். 'தம்பி, நீ டாக்டர் பட்டம் வாங்கினவன். படிச்சுப் பார்த்து, மெட்ராஸ் போய் போட்டுட்டு வந்துடு' என்று கொடுத்தார்.

'ஆகட்டும் அக்கா' என்றேன். அப்போது படித்துக்கொண்டிருந்த ஒரு புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்தேன். மூன்று மாதம் கழித்துப் புத்தகத்தைத் திறந்தபோதுதான் பார்த்தேன். கூட்டம் முடிந்து, தீர்மானம் நிறைவேறி, நிலமும் கைமாறிவிட்டது. இரண்டு மூன்று வருஷத்தில் அந்தப் பங்கை வாங்க ஆள் இல்லை. அக்கா ஒரு தடவை கேட்டார், 'தம்பி, அந்தக் கடுதாசியைப் போட்டியாடா?' என்று. 'போட்டேன் அக்கா' என்று சொல்லிவிட்டேன்.

இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக அந்தப் பொய்யோடு இருந்தேன். போன தீபாவளிக்குப் போனபோது, மனசு கேட்காமல் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. 'இருநூறு ஓட்டுல என்னடா நின்னிருக்கப் போகுது. ஆனா ஒண்ணு, உன்னால முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் வேற யார்கிட்டயாவது கொடுத்திருப்பேனே' என்றார். (அமைதி)

அவ்வளவுதான் நடுவர் அவர்களே, எங்கள் அணியின் வாதம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. நான் கெட்டவன் இல்லை. அக்காமேல் பாசம் இல்லாதவன் இல்லை. படித்தவன்தான். அப்படிப்பட்ட பிராக்ஸியே புத்தக அடையாளம் ஆக்கிவிட்டேன். எனக்குக் கொடுத்த பிறகு, என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியும் வழி இல்லை. என்னை மாற்றும் வழியும் இல்லை. 'நல்லவர்கள் கையில் கொடுத்தோம், விடு' என்று சொல்கிற ஒவ்வொருவரும், அந்த நல்லவர் இன்றைக்கு எந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு தடவை பார்க்க வேண்டாமா?

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதை முடித்த கையோடு 'தெரிந்து வினையாடல்' என்று அடுத்த அதிகாரம் வைத்தார். முதலில் ஆளை ஆராய்ந்து தேர்ந்தெடு. பிறகு அவரவருக்கு ஏற்ற வேலையைக் கொடு. இரண்டுக்கும் முன்னால் நிற்கிற சொல் 'தெரிந்து' என்பதுதான். தெரியாமல் கொடுப்பதற்கு அவர் அதிகாரமே வைக்கவில்லை!

தாய்மார்களே, கேள்வி உங்கள் வாசலுக்கு வருகிறவரைக்கும் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஃபண்டு நிறுவனம் எந்தக் கம்பெனியில் எந்தத் தீர்மானத்துக்கு எப்படி ஓட்டுப் போட்டது, என்ன காரணம் என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தன் இணையதளத்தில் வெளியிட்டே ஆக வேண்டும். வீட்டில் கைப்பேசி பார்க்கிற பேத்தியிடம் சொல்லுங்கள், எடுத்துக் காட்டுவாள். காரணம் எழுதுகிற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வரி இருந்தால், 'ஏன்?' என்று ஒரு கடிதம் போடுங்கள். கத்திரிக்காயைப் புரட்டிப் பார்க்கிற கைதானே! இதையும் புரட்டுங்கள். (கைதட்டல்)

பாதுகையைச் சுமக்க பரதன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஆனால் பாதுகை யாருடையது என்று கேட்டுவிட்டு எடுத்துப் போ என்பதுதான் எங்கள் கட்சி. ஆகவே, 'நம்மைக் கேட்டே போடட்டும்' என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)